முழங்கால் சட்டமும் ஆள்காட்டியும்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வழக்கும் இருந்தது. வழக்கு இருந்தால் சட்டம் இல்லாமல் முடியுமா?

ஒரு மலையடிவாரக் காட்டில் மூன்று வருடம் மழை பொய்த்துவிட்டது. ஓடைகள் காய்ந்து, குடிக்க மிஞ்சியது ஒரே ஒரு மடு. ஆளாளுக்கு இறங்கிக் கலக்கினால் நாலு நாளில் சேறுதான் மிஞ்சும் என்று காடே கூடிப் பேசியது. கூட்டத்துக்குத் தலைமை ஒரு மிளா மான். கொம்பு பெரிது, மனசும் நல்ல மனசு, யோசனைதான் கொஞ்சம் மட்டு.

"ஆளுக்கொரு அளவு வெச்சா சண்டை வரும்" என்றது மிளா. "எல்லாருக்கும் ஒரே சட்டம். முழங்கால் நனையிற மட்டும் இறங்கிக் குடிக்கலாம். அதுக்கு மேல ஒரு அடி வெச்சாலும், அப்புறம் மடுப்பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே சட்டம் என்ற பேச்சு காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. யானைக்கு முழங்கால் எங்கே இருக்கிறது, முயலுக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

காவலுக்கு ஆள்காட்டிக் குருவியை வைத்தார்கள். அதன் தொண்டை அப்படி. அந்நாளில் அதுவும் மற்ற குருவிகளைப் போல மரத்தில்தான் குடியிருந்தது. மடுக்கரை மருதமரத்தின் உச்சியில் கூடு; கூட்டில் நாலு முட்டை. முதல் ஈட்டு முட்டைகளைப் பாம்பு தின்றுவிட்டது, அடுத்ததைக் காற்று கொண்டுபோனது. இந்த நாலு முட்டையாவது பொரித்துவிட வேண்டும் என்று அது வேண்டாத தெய்வம் இல்லை.

காவலுக்கு வந்த ஐந்தாம் நாள், உச்சி வெயிலில் யானையார் வந்தார். முழங்கால் நனைந்தது, நிற்கவில்லை. தொடை நனைந்தது, நிற்கவில்லை. நடுமடுவில் போய் வயிறு முங்க உட்கார்ந்து, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போலச் சாவகாசமாகப் புரண்டார். ஆள்காட்டி கத்துவதற்கு வாயைத் திறந்தது.

யானையார் தலையை மட்டும் நிமிர்த்தினார். "என்ன தாயி, முட்டை நாலும் சுகமா? நீ குடிவந்ததிலேர்ந்து இந்த மரத்துல நான் முதுகு தேய்க்கிறதில்ல, கவனிச்சியா?"

குரலில் அத்தனை பிரியம். ஆள்காட்டி மட்டும் முட்டைகளின் மேல் இறகை விரித்துக்கொண்டது. திறந்த வாயை அது மூடிக்கொண்டது. அன்று மட்டுமில்லை, மறுநாளும், அதற்கு மறுநாளும்.

அப்புறம் ஒரு முயல் வந்தது. பால்குடி மறக்காத இரண்டு குட்டிகளைப் புதரில் விட்டுவிட்டு வந்திருந்தது. அதன் முழங்கால் நனையும் இடத்தில் தண்ணீர் ஏது? குளம்புகள் மிதித்த சேறுதான் இருந்தது. இரண்டு நாள் சேற்றை நக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வயிறு நனைய நாலு எட்டு உள்ளே போய்க் குடித்தது. ஆள்காட்டி காடு அதிரக் கத்தியது. முயலைப் பார்த்துக் கத்துவதற்கு யோசிக்க என்ன இருக்கிறது?

கூட்டம் கூடியது. மடுவில் தண்ணீர் பாதிக்கு மேல் இறங்கிப்போயிருந்தது. "இந்தப் பொடிசுங்க திருட்டுத்தனமா குடிச்சுத்தான் மடு வத்துது" என்று காட்டெருமை முனகியது. ஊருக்கு இளைத்தவன் மேல்தானே எல்லாப் பழியும் வந்து விழும்.

"சட்டம் சட்டம்தான்" என்று மிளா வருத்தத்தோடு சொன்னது. "நீ இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாதும்மா."

"வரலைன்னா நாளைக்கு எனக்குப் பால் வத்தும், மறுநாள் என் குட்டிங்க சாகும்" என்றது முயல். அழவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "அக்கா, நான் புதருக்குள்ள கிடந்து பார்த்தேன். ஆனை வயிறு முங்க உட்கார்ந்தாரே, அன்னிக்கு உங்க தொண்டை எங்க போச்சு?"

காடு முழுக்க ஆள்காட்டியைப் பார்த்தது. யானையார் யாரையும் பார்க்கவில்லை. மெல்ல நடந்து வந்து மருதமரத்தின் மேல் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார்.

"முயல் சொல்றது நிசமா?" என்று மிளா கேட்டது.

இல்லை என்று ஒரு சொல் போதும். நாலு முட்டையும் பிழைக்கும். குட்டி இரண்டும் சாகும். ஆள்காட்டி கூட்டைக் குனிந்து பார்த்தது. ஒரு முட்டைக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. அப்புறம் கீழே நின்ற முயலைப் பார்த்தது. வலிக்காத இடத்தில் நின்று இத்தனை நாள் நியாயம் பேசியிருக்கிறோம் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நிசம்" என்றது. "மூணு நாள் பார்த்தேன். மூணு நாளும் பயந்துட்டேன். மடு வத்தினது முயலால இல்ல."

யானையார் முதுகை ஒருதரம் அழுத்தித் தேய்த்தார். முதுகு தேய்க்கக் கூடாதென்று சட்டம் ஏதும் இல்லையே! மரம் ஆடிக் குலுங்கியது. கூடு கவிழ்ந்தது. நாலு முட்டையும் எல்லார் கண்ணெதிரே விழுந்து உடைந்தன.

பிறகு முயல்தான் முதலில் போய் அந்த ஓடுகளின் பக்கத்தில் நின்றது. அதன் பின்னால் மிளா, அதன் பின்னால் காட்டெருமை, அப்புறம் காடே வந்து நின்றது. எத்தனை பேரைத்தான் யானை மிதிக்கும்? யானையார் இரண்டடி பின்வாங்கினார். முழங்கால் சட்டம் அன்றே போனது. பொடிசுகள் முதலில், பெரியவர்கள் பின்னால், யானை கடைசியில் என்று வரிசை வைத்தார்கள். அந்த வரிசையில் மழை வரும் மட்டும் மடு தாங்கியது.

"நீயே காவல் இரு தாயி" என்று மிளா கெஞ்சியது. "மலை உச்சியில, யாருக்கும் எட்டாத மரமாப் பார்த்துத் தர்றோம்."

"மரம் வேண்டாம்" என்றது ஆள்காட்டி. அழுது அழுது அதன் குரல் கம்மியிருந்தது. "உசரத்துல இருக்கிறவளுக்கு விழுந்துருமோன்னு பயம். அந்தப் பயத்தை வெச்சுத்தான் என் வாயைக் கட்டினாங்க. நான் தரையிலயே இருந்துக்கிறேன். இனிமே வர்றது ஆனையா முயலான்னும் பார்க்க மாட்டேன். காலடி கேட்டா கத்துவேன்."

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டுவிட்டு, மேய வருகிற ஆடானாலும் ஜீப்பில் வருகிற அதிகாரியானாலும் ஒரே குரலில் கத்துகிறது.