நாலு பேருக்கு ஒரு டாக்டர் கார்டு

கும்பகோணத்தில் நான்கு பேர் ஒரே தாலுகா அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றார்கள். அதற்கு முன்பு வேலை பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது, அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது தினமும் மாலை நாலு மணிக்கு வையாபுரி வீட்டுக் கார் ஷெட்டில் கேரம் ஆடினார்கள். வையாபுரியிடம் கார் கிடையாது.

சிங்காரவேலுவுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் நாள். மனைவி போன பிறகு, "சிங்காரம் சார்" என்று அவரைக் கூப்பிட அந்த மூன்று பேரை விட்டால் உலகத்தில் ஆளில்லை.

ஒருநாள் வையாபுரிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மாடி வீட்டிலிருந்து இருபத்திரண்டு படி இறங்க முடியவில்லை. கீழே சிங்காரவேலு, லோகாம்பாள், ஞானசிகாமணி மூவரும் விடாமல் ஆடினார்கள். வையாபுரியின் முறை வந்தால், அவர் வழக்கமாக யோசிக்கும் ஐந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஆட்டம் முடியவே இல்லை.

அப்போதுதான் லோகாம்பாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நோட்டீஸ் கொண்டுவந்தார். "வருஷத்துக்கு அறுபதாயிரம் சந்தா. டோக்கன் கிடையாது. போன் பண்ணினா அரை மணியில டாக்டர் வீட்டுக்கே வராங்களாம்."

"ஆளுக்குப் பதினஞ்சு போட்டு ஒரு கார்டு வாங்கிடலாம்" என்றார் ஞானசிகாமணி.

"யார் பேர்ல? வையாபுரி சார் பேர்லயா?"

"நோயாளி கையில குடுத்தா ஒரே மாசத்துல தீர்த்துடுவார் மேடம். சிங்காரம் சாருக்குத் தும்மல்கூட வந்ததில்ல. அவர்கிட்ட இருந்தா கார்டு தேயாம இருக்கும்."

"நியாயம்தான்!" என்று மாடியிலிருந்து வையாபுரியே கத்தினார்.

பணம் கட்டியபோது, கவுண்டரில் இருந்த பெண் சிங்காரவேலுவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "டாக்டர் உங்க உடம்பை மட்டும்தான் பார்ப்பாங்க. இருக்கிறதை மறைக்கக் கூடாது, இல்லாததைச் சொல்லக் கூடாது."

சிங்காரவேலு சோர்ந்து திரும்பினார். "எனக்கு முழங்கால் வலி இல்லையே. எதைச் சொல்றது?"

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"வரவழைச்சுக்கணும்" என்று முடிவு சொன்னார் லோகாம்பாள்.

சிங்காரவேலு மாடிப்படி ஏறினார், இறங்கினார். வையாபுரி மேல்படியில் உட்கார்ந்து எண்ணினார். பதினோராவது நடையில் சிங்காரவேலுவின் முகம் மலர்ந்தது. "வலது கால்ல லேசா விண்ணுன்னுது!"

"எனக்கு இடது கால் சார்!" என்று அலறினார் வையாபுரி. "முதல்லேர்ந்து ஏறுங்க!"

மறுபடி பத்தொன்பது நடை. இடது முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. வையாபுரி அதைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "அச்சு அசல் என்னோடதேதான்."

போன் பண்ணிய இருபத்தைந்தாவது நிமிடம் டாக்டர் அம்மா வந்துவிட்டார். காலைப் பார்த்து, பையிலிருந்து மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். சிங்காரவேலு ஒரு வெள்ளை மாத்திரையை விழுங்கியதும் எல்லோரும் வையாபுரியின் காலையே உற்றுப் பார்த்தார்கள்.

"குறையுதா சார்?"

"இல்லையே."

"அவசரப்படாதீங்க" என்றார் ஞானசிகாமணி. "அவர் வயித்துலேர்ந்து கிளம்பி உங்க காலுக்கு வரணுமே, நேரமாகாதா?"

டாக்டர் அம்மா விஷயத்தைக் கேட்டார். முழுவதும் சொன்னார்கள். கேட்டு முடித்ததும் அவர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"கேரம் ஆடணும், அவ்வளவுதானே? அந்த போர்டைத் தூக்கிட்டு மேல வாங்க. அதுக்கப்புறம் படியில ஏறுறது இறங்குறது எதுவும் வேணாம்."

யாருக்கும் இது தோன்றியதில்லை.

"அறுபதாயிரம் வாங்குறவங்க மூளையே தனி" என்று முணுமுணுத்தார் லோகாம்பாள்.

டாக்டர் அம்மா போனார். போர்டு மேலே வந்தது. காயும் ஸ்ட்ரைக்கரும் கீழேயே இருந்தன.

"போர்டைத்தானே கொண்டுவரச் சொன்னாங்க" என்றார் ஞானசிகாமணி.

"இனிமே இறங்கவும் கூடாதே" என்றார் லோகாம்பாள்.

நால்வரும் வெறும் போர்டைச் சுற்றித் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்தார்கள். சிங்காரவேலு நாலு குழியையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தும் ஆட்டம் இல்லையா? வேறு வழி தெரியாமல் மாத்திரைக் கவரைப் போர்டின் மேல் கவிழ்த்தார்.

வெள்ளை ஒன்பது. பத்தில் ஒன்றைத்தான் விழுங்கியாகிவிட்டதே. கறுப்பு பத்து இருந்தது. அதிலும் ஒன்றை விழுங்கி ஆட்டத்துக்குச் சரிசெய்தார். சத்து மாத்திரை ஒன்று, நல்ல சிவப்பு.

சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்துக் கோட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துச் சுண்டினார். சிவப்பு வழுக்கிக்கொண்டு போய்க் குழியில் விழுந்தது. பின்னாலேயே போன அட்டை குழியின் வாயில் முட்டிக்கொண்டு நின்றது.

"சிங்காரம் சார்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கூவினார்கள். அவருக்கு முழங்கால் வலி மறந்துபோனது.

வையாபுரி குனிந்து அட்டையைக் குழிக்குள் அழுத்திப் பார்த்தார். போகவில்லை. திருப்பி அழுத்தினார். அப்போதும் போகவில்லை.

"ஸ்ட்ரைக்கர் மாதிரி குழியில விழவே மாட்டேங்குது சார்! இதுல ஃபவுலே கிடையாது!"

"பின்ன, அறுபதாயிரம்னா சும்மாவா?" என்றார் லோகாம்பாள். "வர்ற வருஷம் பணத்தைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கொண்ணு எடுத்துடணும்."