இடது மூலை

“ஒன்பது வருஷம் வீணாப் போச்சு சிஃபு,” என்றாள் புஷ்பலீலா.

பினாங்கில் ஒரு கடைவீட்டு மாடி. அவளுக்கு நாற்பத்தாறு வயது. சீனாவின் இன்றைய ஓவியங்களை ஆராய்கிறவள். எதிரே தாளை விரித்துக்கொண்டிருந்தவர் ஓவியர் லிம். அவரிடம்தான் தூரிகை பிடிக்கக் கற்றாள், அதனால் சிஃபு, குரு. அவருடைய அப்பா கெடா மாநிலத்தில், தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குள் கடை வைத்திருந்தார். தமிழ் லிம்முக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“எதைத் தேடுன?”

“தாக்கத்தை. சீன ஓவியத்தோட தாக்கம் இந்தப் பக்கத்து நாடுகளுக்கு எப்படி வந்துச்சுன்னு.”

“தாக்கம்னா அடிதானே? யாரு யாரை அடிச்சா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

லிம் வரைவதெல்லாம் ஒரே படகுத்துறை. ஆட்கள் இருப்பார்கள், படகுகள் இருக்கும், இடது கீழ் மூலை மட்டும் வெறும் தாளாகக் கிடக்கும். அவருடைய மாணவர்கள் முப்பத்தோரு பேர். பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் உட்கார்ந்துகொண்டு அதே மூலையை வெறுமனே விடுகிறார்கள். அறிஞர்கள் அதற்கு ‘வெறுமையின் இலக்கணம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு யார் விசாரிக்கப் போகிறார்கள்.

“அது நீங்க சீனாவுல படிச்ச ஹாங்சோ ஓவியப் பள்ளியிலேருந்து வந்ததுன்னு எழுதிட்டேன். போன மாசம் அங்கேயே போய்த் தேடுனேன். ஒருத்தர் படத்துலகூட அப்படி ஒரு மூலை இல்ல. மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலைன்னா பதிவை ரத்து பண்ணிடுவாங்க.”

லிம் தாளின் ஓரத்தை நீவினார்.

“சொல்லுங்க சிஃபு. அது எங்கேருந்து வந்துச்சு?”

அவர் அந்த மூலையில் விரலை வைத்தார்.

“இங்கதான் மெய் லின் நின்னா.”

“யாரு?”

“என் மக. நாலு வயசு. துறைமேடையில உக்காந்து நான் மை கரைச்சுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பாத்தா தண்ணி மட்டும்தான்.”

புஷ்பலீலா அந்த மூலையைப் பார்த்தாள்.

“அந்த முப்பத்தோரு பேருக்கும் இது தெரியுமா?”

“யாரும் கேக்கல லா. அழகா இருக்குன்னாங்க.”

ஒன்பது வருஷமாக அவள் நூலகங்களைக் கேட்டாள், அருங்காட்சியகங்களைக் கேட்டாள். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. கேட்டிருக்கவே வேண்டாம் என்றும் இருந்தது.

“அடி எனக்கு,” என்றார் லிம். “வீக்கம் மட்டும் அவங்களுக்கு.”

ஆய்வேட்டின் நினைப்பே அவளுக்குப் போய்விட்டிருந்தது.

“இப்பவாவது அவளை வரைஞ்சிடுங்க சிஃபு.”

லிம் தூரிகையை மையில் தோய்த்தார். மூலைக்குக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

“முப்பத்தெட்டு வருஷமா தினமும் இப்படித்தான் உக்கார்றேன்,” என்றார். “முகம் வரமாட்டேங்குது.”