மார்கழியின் முப்பதாவது நாள்

ஓணானும் நம்மைப் போலப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மாதங்கள் பன்னிரண்டு பேரும் உடன்பிறந்த அக்கா தங்கைகள். ஒரே தெருவில் வரிசையாகக் குடியிருந்தார்கள். மூத்தவள் சித்திரை, கடைக்குட்டி பங்குனி. அவர்களுக்கு ஒரே அண்ணன் சூரியன். சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்ளத் துப்பில்லாத ஊர்சுற்றி அவன். ஒவ்வொரு தங்கை வீட்டிலும் முப்பது நாள் தங்குவான், பிறகு பக்கத்து வீட்டுக்குப் போவான். பன்னிரண்டு வீடும் சுற்றி முடித்தால் அவன் கையில் ஐந்து நாள் மிச்சம் இருக்கும். அதை எங்கே கழிக்கிறான் என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

ஒன்பதாவது தங்கை மார்கழிதான் கவலைப்பட்டாள். அவளுக்கு எதிலும் சந்தேகம். பால் கெட்டியாக இருந்தால் மாவு கலந்துவிட்டார்களோ என்று முகர்ந்து பார்ப்பாள். தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த வருஷம் அவள் வயலில் நெல் நன்றாகப் பிடித்திருந்தது. அண்ணன் வந்து முப்பது நாள் வெயில் கொடுத்தால், முப்பதாவது நாள் கதிர் பழுத்துவிடும். கதிர் பழுக்கும் அன்று அண்ணன் யார் வீட்டில் இருக்கிறானோ அவளுக்குத்தான் அறுவடை. அது அந்தத் தெருவில் முன்பே பேசி வைத்த ஏற்பாடு. அதுவரை தெருவில் யாருமே அறுவடை பார்த்ததில்லை. முதல் அறுவடை தன்னுடையது என்று மார்கழி கனவு கண்டுகொண்டிருந்தாள். ஒரு நாள் குறைந்தாலும் எல்லாம் போச்சு.

அண்ணன் ஆனி வீட்டில் இருந்தபோது, எட்டாவது வீட்டுக் கார்த்திகை வந்து பற்ற வைத்தாள்.

"ஏண்டி, உனக்கு விஷயம் தெரியுமா? சித்திரை வீட்டுல ஒரு நாள் கூட இருந்திருக்காரு, வைகாசி வீட்டுலயும் ஒரு நாள் கூட. ஆனி வீட்டுல இன்னைக்கு முப்பது முடியுது. கிளம்புற மாதிரியே தெரியல."

கேட்டதும் மார்கழி எழுந்துவிட்டாள். உடனே வேலியில் இருந்த ஓணானைக் கூப்பிட்டாள்.

"ஆனி சாப்பாட்டுல என்ன மருந்து வைக்கிறா, செருப்பை எங்க ஒளிச்சு வைக்கிறா, எல்லாத்தையும் பாத்துட்டு வா."

ஓணான் ஆனி வீட்டுச் சுவரில் கிடந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் திரும்பியது.

"மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. கிளம்புறேன்னு உங்கண்ணன் துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. 'என்ன அவசரம், இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்கண்ணே'ன்னு ஆனியம்மா சொன்னாங்க. அவரு துண்டைத் திரும்பக் கொடியில போட்டுட்டாரு. மறுநாளும் அதே கதை. ஆக ரெண்டு நாள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தைக்கு ஒரு நாளைத் தூக்கிக் குடுப்பாங்களா யாராச்சும்? உனக்கு அவ என்ன குடுத்தா, அதைச் சொல்லு!"

ஓணான் வெறுத்துப்போய் அந்த வேலியை விட்டே போய்விட்டது.

அப்புறம் ஆடி வீட்டில் ஒரு நாள், ஆவணி வீட்டில் ஒரு நாள், புரட்டாசி வீட்டில் ஒரு நாள் கூடியது. மிச்சமிருந்த ஐந்து நாளும் தீர்ந்து, இரண்டு நாள் துண்டு விழுந்தது. ஐப்பசி வீட்டில் முப்பதோடு கிளம்பிவிட்டான். கார்த்திகை வீட்டிலோ இருபத்தொன்பதாம் நாளே, "பொழுது பத்தலம்மா" என்று சொல்லி எழுந்துவிட்டான். இன்னும் ஒரு நாள் யாரிடமாவது குறையத்தான் வேண்டும். அது தன் நாள்தான் என்று மார்கழி முடிவே கட்டிவிட்டாள்.

அண்ணன் வந்தான். மார்கழி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கொடியில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலுக்குப் போனால் இவளும் வாசலுக்குப் போவாள். தினமும் விடிந்ததும் நிலைக்கு அருகில் மாவால் ஒரு புள்ளி வைத்து, முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பாள். பின்னால் நின்று அண்ணன் அதைப் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம். வயலில் கதிர் தலை சாய்த்திருந்தது, நுனியில் மட்டும் பச்சை. அண்ணன் ரசத்துக்குச் சோற்றைக் குழி செய்துகொண்டிருந்தான். கரண்டியோடு நின்ற மார்கழிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, நீங்க எப்பக் கிளம்புறீங்க?"

வந்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதுவும் இலையில் சோறு இருக்கும்போது.

சூரியன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். பிறகு இலையை மடித்தான்.

"ஒரு நாள் குறையுதும்மா. கடைசியில பங்குனிகிட்டக் கேட்டு வாங்கிக்கலாம், சின்னவ கோவிச்சுக்க மாட்டான்னு இருந்தேன். இனி அதுக்கு வேலை இல்ல."

கையைக் கழுவினான், துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

மார்கழி பதறிப்போய் வாசல் வரை ஓடினாள். இருந்துவிட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துண்டு திரும்பக் கொடிக்குப் போயிருக்கும். அவள் வாயில் வந்ததோ வேறு.

"அது என் நாள்! என் நாளைக் குடுத்துட்டுப் போங்க!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தை அவனைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே! முன்னாடியே வந்துட்டீங்களா? ஐயோ, நான் இன்னும் பாலே காய்ச்சலையே!" என்று வாசலிலேயே அடுப்பை மூட்டினாள்.

மறுநாள் காலையில் மார்கழியின் நெல் பழுத்தது. தை அரிவாளோடு இறங்கினாள். மார்கழி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பாவம்.

அன்று தொடங்கியதுதான் ஆனிக்கு முப்பத்திரண்டு நாளும் மார்கழிக்கு இருபத்தொன்பது நாளும். மார்கழி முழுக்கக் காத்துக் கிடந்த நெல்லுக்கு, தை பிறந்த பிறகுதான் பானை பொங்குகிறது.