முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

“ஏம்மா திரும்பி வந்த?”

இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபடி கேட்டுவிட்டார் தவமணி சார்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த மாரீஸ்வரி நிமிர்ந்தாள். கையில் யாருடையதோ ஓர் ஆதார் அட்டை. அதை லேமினேஷன் உறைக்குள் கோணாமல் வைத்தாள்.

“உள்ள வாங்க சார். வெயில்ல நிக்காதீங்க.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஐநூத்தி எழுபத்தொண்ணு மார்க்கு. காலேஜ்ல பத்தொன்பதே நாள். ஏன் வந்த?”

“இப்ப என்ன வேலையா வந்தீங்க?”

அவர் தனக்குப் பின்னால் நின்ற பெண்ணை முன்னால் இழுத்து விட்டார்.

“இவ பொன்செல்வி. இவளுக்கு சீட்டு வந்திருக்கு. அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும். பண்ணலைன்னா சீட்டு போயிரும். ஸ்கூல்ல நெட்டு இல்ல.”

கடிகாரத்தில் நான்கு நாற்பது.

தவமணி அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலைகளை நம்பிய ஊர் அது. அவருடைய வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. விண்ணப்பம், சான்றிதழ், கலந்தாய்வு என்று எல்லாவற்றையும் அவர்தான் பார்ப்பார். மே, ஜூன் இரண்டு மாதமும் வீட்டில் சாப்பிட மாட்டார். மாரீஸ்வரி பிளஸ் டூ முடித்த வருடம் முப்பத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் இடம் கிடைத்தது. பள்ளி வாசலில் அவருடைய படத்தோடு போர்டு வைத்தார்கள்.

“உக்காருங்க சார்,” என்றாள் மாரீஸ்வரி. “நீயும் உக்காரு.”

பொன்செல்வி உட்காரவில்லை. மாரீஸ்வரியையே உற்றுப் பார்த்தாள்.

“நீங்கதான் அந்த மாரீஸ்வரி அக்காவா?”

“எந்த மாரீஸ்வரி?”

“சார் சொல்வாங்களே. காலேஜ் பிடிக்கலைன்னு ஓடி வந்த…”

தவமணி சார் இருமினார்.

மாரீஸ்வரி சிரித்தாள். “என்னைப் பாடமாவே வச்சிட்டீங்களா சார்? எத்தனை மார்க் கேள்வி?”

“உன் நல்லதுக்குச் சொல்லல. இவங்க நல்லதுக்குச் சொன்னேன்.”

“சரி சார்.”

அவள் கணினித் திரையைத் திருப்பினாள். கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்தாள். விசைப்பலகையைப் பொன்செல்வியின் முன்னால் தள்ளினாள்.

“பாஸ்வேர்டு போடு.”

பொன்செல்வி சாரைப் பார்த்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகப் பெயர்களும் பாஸ்வேர்டுகளும். எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில்.

“நான் சொல்றேன், போடு.”

“இருக்கட்டும் சார். என்ன படிக்கப் போற செல்வி?”

“சிவில்,” என்றார் சார்.

“எந்த ஊரு?”

“கோயம்புத்தூர்,” என்றார் சார்.

“நீ கேட்டு வாங்கினதா?”

“அவளுக்கு என்ன தெரியும்? கட்-ஆஃப் பார்த்து நான்தான் வரிசை போட்டேன். நாப்பத்திரண்டு காலேஜ். ராத்திரி பகலா உக்காந்து.”

“நான் அவகிட்ட கேட்டேன் சார்.”

பொன்செல்வி தாவணி நுனியைச் சுருட்டினாள். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா.”

தவமணி சாருக்குக் கோபம் வந்தது.

“என்ன, குத்திக் காட்டுறியா? இவங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வருது. வீட்ல ஃபோனுன்னு ஒண்ணு இருக்கு, பாதி நாள் சுவிட்ச் ஆஃப். விட்டா ஒருத்தனும் அப்ளிகேஷனே போட மாட்டான். நான் செய்யாம வேற யார் செய்வா? உனக்குச் செஞ்சேன். எல்லாம் செஞ்சேன். நீதான் பிடிக்கலைன்னு வந்து நின்ன.”

மாரீஸ்வரி கையை நீட்டினாள்.

“உங்க ஃபோனைக் குடுங்க.”

“எதுக்கு?”

“ஓ.டி.பி. நம்பர் அதுலதான வரும்? எல்லாருக்கும் உங்க நம்பர்தான குடுத்திருக்கீங்க?”

“ஆமா. இந்த வருஷம் முப்பத்தேழு பேருக்கு. அதான் ஒண்ணும் தவறிப் போகாது.”

அவர் ஃபோனைக் கொடுத்தார்.

மெசேஜ் குறியின் மேல் சிவப்பு வட்டம். அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம்.

“இதெல்லாம் படிக்கலையா சார்?”

“சீட்டு உறுதியானதும் நம்ம வேலை முடிஞ்சிருது. அப்புறம் வர்றதெல்லாம் காலேஜ் விளம்பரம், பாங்க்கு, அது இது. எத்தனையைத்தான் படிக்க?”

மாரீஸ்வரி தேடும் இடத்தில் தன் பெயரை அடித்தாள். ஃபோனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“என் பேருக்கு வந்தது. வாசிங்க.”

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

முதலில் ஆறு இலக்க எண்கள் சில. பிறகு, உங்கள் சேர்க்கை உறுதி செய்யப்பட்டது. இவை அவர் அன்றே படித்தவை.

அதற்குப் பிறகு மூன்று. மூன்றும் தடித்த எழுத்தில், இதுவரை திறக்கப்படாமல்.

முதலாவது: அசல் சான்றிதழ்களுடன் ஆறாம் தேதி அலுவலகத்துக்கு வரவும்.

இரண்டாவது: நீங்கள் வரவில்லை. பத்தாம் தேதி கடைசி வாய்ப்பு.

மூன்றாவது: உங்கள் சேர்க்கை ரத்து செய்யப்பட்டது.

வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“சான்றிதழ் உன்கிட்ட இல்லையா?”

“என் பெட்டியில இருந்துச்சு சார். கிளாஸ்ல இருந்து ரெண்டு மாடி இறங்கினா ஆபீஸ்.”

“கூடப் படிச்ச பிள்ளைகள் போனாங்கல்ல? கேட்டிருக்கலாம்ல?”

“ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தேதி. அவங்கவங்க ஃபோனுக்கு வந்துச்சு, போனாங்க. எனக்கு வரலை. எனக்குக் கிடையாது போலன்னு நினைச்சேன்.”

சார் மூன்றாவது செய்தியை மறுபடி படித்தார்.

“பத்தொன்பதாம் நாள் அட்டென்டன்ஸ்ல என் பேர் வாசிக்கலை. ஆபீஸ்ல போய்க் கேட்டேன். மூணு தடவை சொல்லியாச்சேம்மான்னாரு கிளார்க்கு. எந்த நம்பருக்கு சார்னு கேட்டேன். வாசிச்சாரு.”

அவள் லேமினேஷன் உறையை இயந்திரத்தின் வாயில் கொடுத்தாள்.

“எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் அதுதான்.”

உறை மெதுவாக உள்ளே போனது. பிளாஸ்டிக் சூடாகும் வாசனை வந்தது.

“என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லத்தான் வந்தேன் சார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரா ஸ்கூலுக்குத்தான் வந்தேன். வாசல்ல போர்டு கட்டிக்கிட்டு இருந்தாங்க. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. நீங்க கீழ நின்னு, வலது பக்கம் தூக்குங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

அவள் கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள்.

“பெட்டியோட என்னைப் பார்த்ததும், என்னம்மா பிடிக்கலையான்னு நீங்கதான் கேட்டீங்க. ஆமா சார்னேன்.”

பொன்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சார், நாலு அம்பதாயிருச்சு.”

தவமணி சார் நோட்டைப் பிரித்தார். அவளுடைய பக்கம் உடனே கிடைக்கவில்லை. விரல்கள் தாள்களில் வழுக்கின. கிடைத்ததும் பாஸ்வேர்டை வாசித்தார். பொன்செல்வி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

இருமுறை தப்பாகிப் போனது.

மூன்றாம் முறை பக்கம் திறந்தது. ‘உறுதி செய்’ என்ற பச்சைக் கட்டம். மாரீஸ்வரி விரலால் அதைக் காட்டினாள். பொன்செல்வி அமுக்கினாள்.

சாருடைய கையில் ஃபோன் அதிர்ந்தது. ஆறு இலக்க எண்.

நான்கு ஐம்பத்தாறு.

அவருடைய வலது கை தானாகவே விசைப்பலகைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் அதை இழுத்துக்கொண்டு, ஃபோனைப் பொன்செல்வியின் பக்கம் நீட்டினார்.

“நீயே பார்த்துப் போடும்மா.”

அவள் ஓரடி பின்வாங்கினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வகுப்பில் கேள்வி கேட்டால் நிற்பது போல.

“ஐயோ, எனக்குத் தப்பாயிரும் சார்.”

“தப்பாகாது. ஆறு நம்பர்தான்.”

“வேணாம் சார். சீட்டு போயிரும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே போட்டுருங்க சார்.”

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தவமணி சார் மாரீஸ்வரியைப் பார்த்தார்.

ஆதார் அட்டை இயந்திரத்தின் மறுபக்கம் வந்து கிடந்தது. மாரீஸ்வரி அதை எடுத்து ஓரங்களைக் கத்தரிக்கத் தொடங்கினாள்.

“அன்னைக்கு நானும் இதையேதான் சொன்னேன் சார்,” என்றாள். “நீங்க போட்டுட்டீங்க.”