காலடியைத் திரும்பிப் பார்க்காத உடும்பு

கருங்குட்டையின் கிழக்குக் கரையில் செதிலன் என்றோர் உடும்பு இருந்தது. கரை மேட்டில் ஒரு பெரிய புற்று, புற்றுக்கு அடியில் ஒரு பொந்து, பொந்துக்குள் செதிலன். வேறு யாருக்கும் அங்கே இடமில்லை. இடமிருந்தாலும் கிடைக்காது.

அதைக் கெட்ட பிராணி என்று சொல்ல முடியாது. பக்கத்துப் புதரில் குடியிருந்த கவுதாரியின் முட்டைகள் மேல் அதற்கு ஆசை உண்டுதான். ஆனால் அண்டை வீட்டில் வாய் வைப்பதில்லை என்று ஒரு கொள்கையும் உண்டு. கொள்கை இருந்ததே தவிர, பேச்சுவார்த்தை கிடையாது.

முன்பு செதிலனுக்கு ஒரு துணை இருந்தது. ஒரு கோடையில் இரை தேடப் போன அந்தத் துணை திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பொந்து வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் செதிலன் உஸ்ஸென்று சீறும். கூப்பிட்டவர்கள், 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்று ஓடிவிடுவார்கள். பிறகு யாரும் வருவதில்லை.

தனியாக இருப்பதுதான் அதற்குப் பிடிக்கும் என்று காடு சொன்னது. செதிலனும் அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. ஆனால் சாயங்காலம் எதிர்க்கரையில் மான்கள் கூட்டமாய் நீர் குடிக்கும்போது, பொந்து வாயில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்கும். கடைசி மான் போன பிறகும் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது அதன் நெஞ்சு கனக்கும். எதற்கு என்று அது கேட்டுக்கொள்வதில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் முடிந்து குட்டை நீர் உள்வாங்கும்போது கரையோரம் வழவழவென்று களிமண் வெளியே தெரியும். காட்டில் குடியிருக்கும் ஒவ்வொரு பிராணியும் அதில் தன் காலை ஒரு தடவை அழுத்தி எடுக்க வேண்டும். 'நான் இங்கே இருக்கிறேன், எனக்கும் ஒரு சொல் உண்டு' என்று அதற்கு அர்த்தம். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தன் தடத்தில் காலை வைத்துப் பொருத்திக் காட்டினால்தான் ஒரு வேப்பமுத்து கொடுப்பார்கள். பிடித்தவரின் குழியில் முத்தைப் போட்டால் அதுதான் வாக்கு. கிழக்கே வசிப்பவர் கிழக்குக் கரையில் பதிக்க வேண்டும், மேற்கே வசிப்பவர் மேற்குக் கரையில். வீடு மாறினால் தடமும் மாற வேண்டும்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டது நாரை நெடுங்காலன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அது எல்லாருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடும். "பதிச்சா மட்டும் போதாது. களிமண் காயறதுக்குள்ள ஒரு நடை வந்து உங்க தடம் இருக்கான்னு பாத்துக்குங்க. அழிஞ்சிருந்தா அப்பவே திரும்பப் பதிச்சுடலாம். காஞ்ச மண்ணுல என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

செதிலனும் வருஷா வருஷம் பதித்தது. எல்லாரும் நிழலில் படுத்துவிடும் உச்சிவெயிலில் ஓசைப்படாமல் இறங்கி வரும். முன்னங்காலை அழுத்தும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சட்டென்று திரும்பி, விறுவிறுவென்று மேடேறிப் பொந்துக்குள் போய்விடும். சரிபார்க்கும் நாட்களில் கரையில் கும்பல் கூடும், பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அந்தப் பக்கமே அது தலைவைத்துப் படுக்காது. நான்தான் பதித்துவிட்டேனே, அது எங்கே ஓடிப்போகும் என்று நினைத்துக்கொள்ளும்.

ஓடிப்போகாதுதான். பல வருஷமாக இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. ஏனென்றால் பல வருஷமாகத் தேர்தலே நடக்கவில்லை. ஒரு கிழட்டு ஆமை தலைவராக இருந்தது. அதை எதிர்த்து நிற்க யாருக்கும் மனமில்லை.

இந்த வருஷம் ஆமை, "என்னால் ஓடி ஆட முடியவில்லை" என்று விலகிக்கொண்டது. எப்போது அது ஓடி ஆடியது என்று யாரும் கேட்கவில்லை. அதன் இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒன்று கோரையன் என்ற காட்டுப்பன்றி. இன்னொன்று கொன்றை என்ற பெண் மான்.

கோரையன் ஒளிக்காமல் சொல்லிவிட்டது. தான் வந்தால் கிழக்குக் கரையை முழுதாகக் கிளறி கோரைக்கிழங்கு எடுக்கப் போவதாகவும், தின்ன விருப்பமுள்ளவர்கள் எல்லாரும் வந்து தின்னலாம் என்றும் சொன்னது. கரையைத் தொடக்கூடாது, அதில் பொந்தும் கூடும் வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கொன்றை கேட்டது. காடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

அந்தக் கரைப் பொந்து செதிலனும் அதன் துணையும் சேர்ந்து தோண்டியது. உட்சுவரில் துணையின் நகக்கீறல் இன்னும் இருந்தது. தூக்கம் வராதபோது செதிலன் அதில் முதுகைச் சாய்த்துக்கொள்ளும். உலகத்தில் அதற்கென்று மிச்சமிருந்தது அவ்வளவுதான். என் முத்து கொன்றைக்கே என்று அது முடிவு செய்தது. வழக்கம்போல உச்சிவெயிலில் வந்து பதித்தது, வழக்கம்போல திரும்பிப் பார்க்காமல் போனது.

களிமண் காய்வதற்கு முன்னால், ஒரு காலையில் பக்கத்துப் புதர்க் கவுதாரி பொந்து வாசலுக்கு வந்தது. அதன் பெயர் புள்ளியம்மா. தயங்கித் தயங்கித்தான் வந்தது.

"அண்ணே, கரைக்கு ஒரு தடவை போய்ட்டு வந்திருங்களேன். உங்க தடம்..."

உஸ்ஸென்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கவுதாரி இரண்டடி பின்வாங்கிற்று. இன்னொரு தடவை "அண்ணே" என்றது. இந்த முறை சீற்றத்தோடு மண்ணும் தெறித்தது. புள்ளியம்மாவுக்கு முட்டை ஞாபகம் வந்துவிட்டது. படபடவென்று பறந்து போயிற்று.

தேர்தல் நாள் வந்தது. செதிலன் கும்பலுக்கு நடுவே வர வேண்டியிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அத்தனை பேர் பக்கத்தில் நின்றார்கள். அதற்கு மூச்சு முட்டியது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வரிசை நகர்ந்து அதன் முறை வந்தது.

"தடம் எங்க?" என்றது நாரை.

செதிலன் தான் பதித்த இடத்தைக் காட்டியது. காய்ந்து இறுகிய களிமண்ணில் அங்கே காலடி எதுவும் இல்லை. குறுக்கே ஏதோ வழித்துவிட்டதுபோல ஒரு பட்டை மட்டும் இருந்தது. யாரோ எதையோ இழுத்துக்கொண்டு போன தடம் என்று தான் நினைத்துவிட்டதாக நாரை சொன்னது.

செதிலனுக்குக் கோபம் தலைக்கேறியது. வரிசையில் பின்னால் நின்ற கோரையனைப் பார்த்துத் திரும்பியது. "நீதான் அழிச்சிருக்கே. என் பொந்துமேல உனக்குக் கண்ணு!"

கோரையன் கோபப்படவில்லை. சிரிக்கக்கூட இல்லை. "நான் எதுக்கய்யா அழிக்கணும்? நீயேதான் வருஷா வருஷம் அழிச்சிட்டுப் போறே. நான் அந்தச் சேத்துலதான் மத்தியானம் படுத்திருப்பேன், பாத்துட்டுத்தானே இருக்கேன்."

நாரை யோசித்தது. பிறகு நீரோரத்து ஈரமண்ணைக் காட்டி, எப்படிப் பதித்தாயோ அப்படியே பதித்துக் காட்டு என்றது. செதிலன் காலை அழுத்தியது. ஐந்து விரலும் நகமும் அழகாகப் பதிந்தன. பார்த்தீர்களா என்பதுபோல் சட்டென்று திரும்பியது. அது திரும்பியபோது அதன் கனத்த வாலும் ஒரு சுற்று சுற்றி வந்தது. தடம் இருந்த இடத்தில் வழித்த பட்டைதான் மிஞ்சியது.

கும்பல் கொல்லென்று சிரித்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வாலும் அப்படித்தான் போலிருக்கிறது.

செதிலன் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. அதன் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படியானால் போன வருஷமும் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. இத்தனை காலமாக இந்தக் காட்டில் தான் இல்லவே இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு பொந்துக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலியே," என்றது. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

கும்பலில் சிரிப்பு நின்றது. புள்ளியம்மா முன்னே வந்தது.

"சொல்லத்தான் வந்தேன் அண்ணே. நீங்க காது குடுக்கலை."

செதிலன் நாரையின் பக்கம் திரும்பியது. இப்போதாவது பதித்துக்கொள்ளலாமா என்று கேட்டது. கெஞ்சியது என்றே சொல்லலாம். நாரைக்கும் வருத்தம்தான். கிழக்குக் கரைக் களிமண்ணை அலகால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டியது. கல்போல ஒலித்தது. "தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்க வர்றியேப்பா," என்றது.

செதிலன் ஓரமாகப் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒன்று முள்ளம்பன்றி. அது இந்த வருஷம் பதிக்கவே வரவில்லை. இன்னொன்று எறும்புதின்னி அழுங்கு. அது முதல் ஆளாய் வந்து பதித்ததுதான், ஆனால் பின்னால் வந்த மந்தை அதன் தடத்தின் மேலேயே நடந்து போய்விட்டது. அதுவும் திரும்ப வந்து பார்க்கவில்லை. மூவரும் கிழக்குக் கரைப் பொந்துக்காரர்கள். ஒருவர் பொந்துக்கு இன்னொருவர் பொந்து கூப்பிடு தூரம். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

முத்துகளை எண்ணினார்கள். கோரையன் குழியில் இரண்டு முத்து அதிகம். ஓரமாக நின்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

கோரையன் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையிலேயே கூட்டத்தோடு வந்து கிழக்குக் கரையை முட்டிக் கிளறியது. புற்று சரிந்தது. செதிலன் ஒரு பாறைமேல் ஏறி நின்று பார்த்தது. நகக்கீறல் இருந்த சுவர் மண்ணோடு மண்ணாய்ப் புரண்டபோது கண்ணை மூடிக்கொண்டது. கவுதாரியின் புதரும் போயிற்று, முட்டைகளும் போயின. புள்ளியம்மா அழுதுகொண்டே மேற்கே பறந்தது. அது கொன்றைக்குத்தான் முத்துப் போட்டிருந்தது. தன் முத்தும் சேர்ந்திருந்தால் என்ற நினைப்பு செதிலனை அறுத்தது. வெகு நேரம் அந்தப் பாறையை விட்டு அது இறங்கவில்லை.

மேற்குக் கரையில் ஒரு பாறை இடுக்கு கிடைத்தது. குளிரும் காற்றும் உள்ளே வரும். அதில் அந்த வருஷத்தை ஓட்டியது. இப்போது யாராவது வாசலில் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தது. அந்தப் பாறைப் பக்கம் அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை, அதனால் யாரும் கூப்பிடவில்லை.

மறுபடியும் மழை வந்து நின்றது. களிமண் வெளியே தெரிந்தது. கோரையன்தான் தலைவர், அடுத்த தேர்தல் எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. எதற்கு இப்போது அவசரம் என்று பலர் வரவில்லை. செதிலன் வந்தது. உச்சிவெயிலில் அல்ல, எல்லாரும் கூடியிருந்த காலையில். வீடு மாறியதை நாரையிடம் சொல்லிவிட்டு, மேற்குக் கரையில் காலை அழுத்தியது. பிறகு திரும்பாமல் அப்படியே நின்றது. சற்றுத் தள்ளிப் புள்ளியம்மா நான்கு குஞ்சுகளோடு நின்றிருந்தது. புதிதாகப் பொரித்தவை.

"புள்ளியம்மா, கொஞ்சம் இங்க வந்து பாக்குறியா?" என்றது செதிலன்.

கவுதாரி உடனே வரவில்லை. குஞ்சுகளை ஒரு கல்லுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது. வந்து குனிந்து பார்த்தது. "நல்லாப் பதிஞ்சிருக்கு. வாலைத் தூக்கிட்டுப் பின்பக்கமா நடங்க. பாத்து, மெதுவா."

செதிலன் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நடந்தது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. யார் சிரித்தார்கள் என்று அது கவனிக்கவில்லை. விலகி வந்து நின்று, தன் தடத்தை முதல் தடவையாகப் பார்த்தது. ஐந்து விரல், ஐந்து நகம். அதற்கு இடப்பக்கம் கவுதாரியின் சின்னக் கால். வலப்பக்கம் யாரோ ஒரு கீரி. மேலே மானின் குளம்பு. தன் காலுக்கு இவ்வளவு அக்கம்பக்கம் இருக்கும் என்று அது நினைத்ததே இல்லை. களிமண் காயும் வரை தினமும் வந்து பார்த்தது.

பெயரைப் பதித்தால் மட்டும் போதாது. அது நிலைத்திருக்கிறதா என்று காலத்தோடு போய்ப் பார்த்துக்கொள்பவனுக்கே தன் வீட்டைக் காக்க ஒரு சொல் உண்டு.