வைக்கோல் மேல் எழுதிய ஓலை

மருதவேலி நாட்டு அரண்மனையில் ஓர் ஓலைக்கூடம் இருந்தது. எழுத்துக் கற்க வந்த இளைஞர்களும் பெண்களும் அங்கே படித்தார்கள். அதை நடத்தியவள் அவைப்புலவர் அஞ்சுகம். எழுதும் நேரத்தில் அவரவர் விருப்பம்போல் உட்காரலாம் என்று விட்டிருந்தாள். ஒருவன் குளத்துப் படியில் இருப்பான், ஒருத்தி ஜன்னலில் ஏறிக்கொள்வாள். தத்தை என்ற மாணவிக்கோ நடந்தால்தான் எழுத்தே வரும்.

தளபதி மழவராயருக்கு இது பொறுக்கவில்லை. சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று மன்னன் பரிதிவேளிடம் புகார் சொன்னார். மன்னனும் ஆணை போட்டான்: அரண்மனைக்குள் எழுத்தாணி பிடிக்கும் எவரும் தமக்கிட்ட ஆசனத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்; எழுதி முடிக்குமுன் எழுந்தால் நாடு கடத்தல்.

மறுநாளே தத்தை மாட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே துணிமூட்டை கட்டினாள். அவளுக்காக அஞ்சுகம் ஒரே ஒரு நாள் தவணை கேட்டு வாங்கினாள்.

அப்போது மகாராணி கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். தூதன் அந்த ஊருக்குத்தான் கிளம்புகிறான், மன்னர் தம் கைப்பட நாலு வரி எழுதினால் நன்றாயிருக்கும் என்றாள் அஞ்சுகம். மன்னனுக்கும் அந்த ஆசைதான். சிம்மாசனத்தில் அமர்ந்து எழுத்தாணியை எடுத்தான். 'தேவி' என்று எழுதினான். அதற்குமேல் ஓடவில்லை. காலை மாற்றிப் போட்டான், முதுகைச் சொறிந்தான். கடைசியில் ஓலையோடு எழுந்து போய்விட்டான்.

அஞ்சுகம் தளபதியை அழைத்துக்கொண்டு தேடினாள். குதிரை லாயத்தில், வைக்கோல் மேல் சாய்ந்தபடி மன்னன் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தான். கிரீடத்திலும் வைக்கோல்.

"தளபதியாரே," என்றாள் அஞ்சுகம், "இவரை எந்த எல்லை வழியாக அனுப்பப் போகிறீர்கள்?"

மன்னன் இருவரையும் பார்த்தான், கையிலிருந்த ஓலையைப் பார்த்தான். முகம் சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆணை போயிற்று. அந்தப் பெண்ணை மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள்."

அந்த ஓலை போய்ச் சேர்ந்ததுமே மகாராணியின் பல்லக்கு திரும்பி வந்தது. ஓலைக்கூடத்தைப் பார்க்க மன்னனும் ராணியும் சேர்ந்தே வந்தார்கள். தத்தை குளக்கரையில் நடந்து நடந்து எழுதிக்கொண்டிருந்தாள். தளபதிக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"எல்லாம் சரி அம்மா. ஆளுக்கொரு மூலையில் கிடந்தால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?"

அஞ்சுகம் தத்தையின் ஓலையை வாங்கி அவரிடம் நீட்டினாள். எழுத்துகள் நூல் பிடித்தாற்போல் நின்றன.

"வரி நேராக இருக்கிறதே தளபதியாரே, வரிசை எதற்கு?"

ராணிதான் முதலில் சிரித்தாள். மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி அஞ்சுகத்திடம் கொடுத்தான்.