முற்றத்துக்கு வந்த கூகை

மருங்கூர்ச் சீமையை ஒரு காலத்தில் விசையராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருத்தனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார், சாயந்திரம் அவன் தலையையே எடுக்கச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வெள்ளை எலி ஒன்று வளர்த்தார். அதன் காலில் தங்க வளையம் வேறு! வெளிச்சம் இருந்தால் ராஜாவுக்குத் தூக்கம் வராது. அதனால் எலி விளையாடும் முற்றத்தில் ராக்காவல் இருட்டில்தான், காதை நம்பித்தான்.

ஒருநாள் விடிந்து பார்த்தால் எலியைக் காணோம். ராத்திரி காவல் இருந்தவன் செங்கோடன். பொட்டுத் தூக்கம் இல்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அழுதான். யார் நம்புவது? பொழுது சாய்ந்ததும் வெட்டச் சொல்லிவிட்டார் ராஜா.

மந்திரி பொன்னம்பலவாணர் மட்டும் முற்றத்தைச் சுற்றிவந்தார். முரசு மாடத்தின் அடியில் கிடந்த சாம்பல்நிற உருண்டை ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்து பிட்டார். உள்ளே வெள்ளை மயிர், பொடி எலும்பு, தங்க வளையம். மாடத்தில் குஞ்சு பொரித்திருக்கும் கூகை ஆந்தை இரையை முழுசாக விழுங்கும், செரிக்காததை இப்படி உருட்டிக் கக்கிவிடும் என்றார்.

செங்கோடனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதையும் தளவாய் சூரப்பர் கெடுத்தார். மந்திரி பேச்சு எடுபட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அத்தனை பெரிய பறவை இறங்கியது இவன் காதில் விழவில்லையா? தூங்கியிருக்கிறான். பஞ்சு விழுந்தாலும் எனக்குக் கேட்கும்."

ராஜா தலையாட்டினார். செங்கோடன் கையைக் கட்டினார்கள்.

"அப்படியானால் தளவாய் கண்ணைக் கட்டிக்கொண்டு இன்று காவல் இருக்கட்டும்," என்றார் மந்திரி. "கூகை இறங்கும்போது கை தட்டிவிட்டால், இவன் தலை போகட்டும்."

விளக்கேற்றும் வேளை. சூரப்பர் முற்றத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் சருகுக் குவியலில் ஒரு எலியை நூலில் கட்டிவிட்டார்கள். அது சரசரத்தது. தாழ்வாரத்தில் சபையே மூச்சுக் காட்டாமல் நின்றது. செங்கோடன் மாடத்தையே பார்த்தான். வந்துவிடு தாயே, சத்தம் போடாமல் வந்துவிடு.

வந்தது. சூரப்பரின் தலைப்பாகையை உரசாத குறையாகத் தாழ்ந்து, எலியை நூலோடு காலால் அள்ளிக்கொண்டு சுவரில் போய் உட்கார்ந்தது. உடம்பு அந்தப் பக்கம் இருக்க, தலையை மட்டும் முதுகுப்பக்கம் திருப்பி அவரைப் பார்த்தது.

"எலி களைத்துவிட்டது போல," என்றார் சூரப்பர். "இன்னும் ஒன்றும் வரவில்லை, மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரி கீழே கிடந்த இறகை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் சீப்புப்பல் போல மெல்லிய இழைகள், மேலே பூம்பஞ்சு. சத்தம் எழாததற்கு அதுதான் காரணம் என்றார். அவருக்கு முத்துமாலை கிடைத்தது, செங்கோடனுக்குத் தலை தப்பியது.

மறுநாளே புது எலி வந்தது. காவல் சூரப்பருக்கு. எலி போனால், செங்கோடனுக்கு விதித்த அதே தண்டனை.

செங்கோடன் தன் ஈட்டியைப் பணிவாக அவர் கையில் கொடுத்தான்.

"காதை நம்பாதீங்க சாமி. அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருங்க."